பிராணாயாமம் செய்தால் மலைநோய் வராதா?

கேள்வி: எனக்கு வயது 44. பல வருடங்களாகத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் யோகா செய்கிறேன், பிராணாயாமமும் உண்டு. மூன்று மாதம் கழித்து 5,000 மீட்டர் வரை போகும் ஒரு ட்ரெக்கிங்குக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். மூச்சுப் பயிற்சி இருப்பதால் உயரம் என்னை ஒன்றும் செய்யாது என்கிறார்கள் நண்பர்கள். இப்போது செய்யும் யோகா போதுமா, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா? படி இறங்கும்போது மட்டும் முட்டி லேசாக வலிக்கும்.

பதில்: நண்பர்கள் சொல்வதை முதலில் ஒதுக்கி வையுங்கள். எத்தனை வருடம் பிராணாயாமம் செய்திருந்தாலும் மலைநோய் (உயரத்துக்கு உடம்பு பழகாததால் வரும் தலைவலி, குமட்டல் போன்றவை) வரலாம், மாரத்தான் ஓடுபவர்களுக்கே வருகிறது. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 21 சதவீதம்தான் என்றாலும், அழுத்தம் குறைந்துவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே வருவது குறைவு. இதற்கு உடம்பு பழகுவது மேலே போன பிறகு, அந்த உயரத்தில், நாள் கணக்கில் நடக்கிற வேலை. மூச்சு வேகமாகும், அதனால் மாறும் ரத்தத்தின் அமில-காரச் சமநிலையைச் சிறுநீரகம் சரிசெய்யும், சிவப்பணுக்கள் மெதுவாகக் கூடும். வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்து இதை முன்கூட்டியே முடித்துவிட முடியாது.

அப்படியானால் யோகா வீணா? இல்லவே இல்லை. அது உயரத்தை ஜெயித்துத் தராது, ஆனால் நடையையும் மூச்சையும் சிக்கனமாக்கித் தரும்.

மூச்சிலிருந்து ஆரம்பிப்போம். 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், 4,559 மீட்டர் உயரத்தில் இருந்தவர்களை நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில் 15 நிமிடம் மெதுவாக, ஆழமாகச் சுவாசிக்க வைத்தபோது ரத்த ஆக்சிஜன் அளவு சராசரியாக 80 சதவீதத்திலிருந்து 89-ஐத் தாண்டியது. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விட்டால் காற்று மூச்சுக்குழாயிலேயே போய் வந்துகொண்டிருக்கும். ஆழமான மூச்சில்தான் பெரும்பகுதி நுரையீரலின் காற்றறைகள் வரை போய்ச் சேரும். பலன் நிரந்தரமில்லை, பயிற்சியை நிறுத்தினால் எண் மறுபடி இறங்கிவிடும். ஆனாலும் முகாமில் உட்கார்ந்திருக்கும்போதும், படுக்கப் போகும் முன்பும் கைகொடுக்கும். ஆகவே இப்போதே 5 விநாடி உள்ளே, 5 விநாடி வெளியே என்று கும்பகம் (மூச்சை அடக்கி நிறுத்துவது) இல்லாமல் பழகுங்கள். நாடி சுத்தி (மூக்கின் இரு துளைகளிலும் மாறி மாறிச் சுவாசிப்பது) செய்தாலும் மூச்சை நிறுத்தாமல் செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பல ட்ரெக்குகளில் வழிகாட்டி தினமும் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்ப்பார். யோகா தெரிந்தவர்கள் அந்த நேரம் பார்த்து நாலு ஆழ்மூச்சு இழுத்து நல்ல எண்ணைக் காட்டிவிடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஏமாறுவது நீங்கள்தான். விரலைச் சூடாக்கிக்கொண்டு, சும்மா உட்கார்ந்து, வழக்கமான மூச்சில் பாருங்கள்.

இன்னொன்று. மெதுவான சுவாசத்தைப் பல வருடம் பழகியவர்களுக்கு, ஆக்சிஜன் குறையும்போது மூச்சு தானாக வேகமெடுக்கும் எதிர்வினை கொஞ்சம் மந்தமாக இருப்பதாகவும் ஓர் ஆய்வு உண்டு. உயரத்தில் அந்த வேகம்தான் உடம்பின் முதல் பாதுகாப்பு. அதனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் வாங்கட்டும், பயிற்சி பெற்றவன் என்ற கௌரவத்துக்காக அதை அடக்க வேண்டாம். மூக்கு வழியாக மட்டும்தான் சுவாசிப்பேன் என்ற பிடிவாதமும் செங்குத்தான இடங்களில் உதவாது, வாயைத் திறந்துகொள்ளுங்கள். மூச்சையும் அடியையும் சேர்ப்பதுதான் முக்கியம்: சமதளத்தில் உள்மூச்சுக்கு இரண்டு மூன்று அடி, வெளிமூச்சுக்கு அதே அளவு, செங்குத்தில் ஒரு மூச்சுக்கு ஓர் அடி. பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

வேகவேகமாக மூச்சுவிடும் பயிற்சிகளான கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் மலையில் செய்யாமல் விட்டுவிடுங்கள். ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை அவை இன்னும் குறைக்கும். தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும் வந்தால், அது பயிற்சியால் வந்ததா, மலைநோயா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. கும்பகமும் வேண்டாம், சிரசாசனமும் வேண்டாம். உயரத்தில் தூங்கும்போது மூச்சு சில விநாடி நின்று, பிறகு திடீரென ஆழமாக இழுத்து விழிப்பு வருவது பலருக்கும் நடக்கும். பதற வேண்டாம், எழுந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் நிதானமாகச் சுவாசித்தால் மனம் அடங்கும். ஆனால் ஓய்விலும் மூச்சு வாங்குவது, விடாத இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், குழப்பமான பேச்சு, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். சாதாரணத் தலைவலி, குமட்டல் என்றால் மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள், குறையாவிட்டால் இறங்குங்கள். அசௌகரியத்தைச் சாட்சி போலப் பார்த்துக்கொண்டு பொறுத்திருக்கும் யோகா குணம் மலையில் ஆபத்தானது. தலை வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு ஓய்வு நாள் வேண்டும். உங்கள் பயணத்திட்டம் இப்படி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், இல்லையென்றால் வேறு திட்டத்துக்கு மாறுங்கள். மலைநோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, கால்களுக்கு வருவோம். ஏற்றம் இதயத்தையும் நுரையீரலையும் சோதிக்கும், இறக்கம் முட்டியைச் சோதிக்கும். உத்கடாசனத்தில் (நாற்காலியில் உட்காருவதுபோல் முட்டி மடக்கி நிற்பது) அரை நிமிடம் அசையாமல் நிற்பது தொடைக்கு நல்லதுதான், ஆனால் இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கியாக வேண்டும், நிலையாக நிற்கும் ஆசனம் அதைப் பழக்குவதில்லை. ஆகவே ஆசனத்துக்குள் இறங்குவதை ஐந்து எண்ணி மெதுவாகச் செய்யுங்கள், எழுந்து மறுபடி இறங்குங்கள். வீரபத்ராசனத்திலும் இதே மாதிரி முன்முட்டியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி. அப்புறம் ஒரு படிமேல் நின்று ஒரு காலை மெதுவாகக் கீழே இறக்கித் தரையைத் தொட்டு மீள்வது. உங்கள் முட்டிக்கு எந்த ஆசனத்தையும் விட இதுதான் மருந்து. ஒற்றைக்காலில் நிற்கும் விருக்ஷாசனத்தை மடித்த போர்வைமேல், தலையை இடம் வலமாகத் திருப்பியபடி செய்யுங்கள், கரடுமுரடான பாதையில் கணுக்கால் மடங்காமல் இருக்க உதவும். நாள் முழுக்கப் பை சுமந்தால் தோள் முன்னால் குனிந்து மார்பு சுருங்கும், அதற்குச் சலபாசனம், சேதுபந்தாசனம். தலை முட்டியைத் தொடுகிறதா என்பதெல்லாம் மலைக்குத் தேவையே இல்லை.

ஆனால் வாரம் ஏழு நாளும் யோகா என்றால் போதாது. மூன்று நாள் யோகா, மூன்று நாள் படியேற்றமோ மேட்டு நடையோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதுகில் 4 கிலோவில் ஆரம்பித்து, அங்கே சுமக்கப்போகும் எடை வரை கூட்டுங்கள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரத்தில் ஒருநாள் நீண்ட நடை, போகப் போக ஐந்தாறு மணி நேரம் வரை. கிளம்பும் முந்தைய வாரம் பாதியாகக் குறையுங்கள், புதிய ஆசனம் எதையும் அப்போது முயல வேண்டாம்.

இறக்கத்தில் இரண்டு கையிலும் ட்ரெக்கிங் குச்சி இருந்தால் முட்டிக்குச் சுமை குறையும், பயிற்சி நடையிலேயே பழகிக்கொள்ளுங்கள். முட்டியில் வீக்கம் இருந்தாலோ, இறங்கும்போது கால் நழுவி மடங்குவதுபோல் தோன்றினாலோ இந்த வாரமே ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். சரிசெய்ய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.