மாத்திரையை மாற்ற மறுக்கும் குடும்ப டாக்டர்

கேள்வி: எனக்கு 52 வயது. பத்து வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சாப்பிடுகிறேன். கடைசி மூன்று பரிசோதனையிலும் ஹெச்பிஏ1சி 8.5-க்குக் கீழே இறங்கவில்லை. ஆனால் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் வியர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. வேறு மருந்து கேட்டால், 20 வருடமாக எங்கள் குடும்பத்தைப் பார்க்கும் டாக்டர் "வாயைக் கட்டுங்கள், நடங்கள், அடுத்த முறை பார்ப்போம்" என்கிறார். நெட்டில் படித்துவிட்டு வராதீர்கள் என்று கோபப்படுகிறார். வேறு டாக்டரிடம் போக மனம் வரவில்லை, துரோகம் போல இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்தக் கை நடுக்கத்தைப் பேசிவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம். கிளைமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அதற்குத் தெரியாது, அதனால் சாப்பாடு தள்ளிப்போகும்போது சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடலாம். அடுத்த முறை நடுக்கம் வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது லோ சுகர். 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. மீட்டர் கையில் இல்லையா, பார்த்துக்கொண்டிருக்காமல் குடித்துவிடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். இந்த விஷயத்தை அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை தள்ளாமல் இன்றே டாக்டருக்கு போன் செய்து சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சரி, இப்போது அந்த 8.5. ஹெச்பிஏ1சி என்பது சுமார் மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரி. சராசரிக்குள் ஏற்றமும் இறக்கமும் ஒளிந்துகொள்ளும், உங்களுக்கு இரண்டுமே நடக்கிறது போலிருக்கிறது. இப்படி இருக்கும்போது வாயைக் கட்டுங்கள் என்று மட்டும் சொன்னால் சாப்பாட்டைக் குறைப்பீர்கள், லோ சுகர் இன்னும் கூடும். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, பத்து வருடமாகச் சமாளிக்கும் ஒருவரைத் தப்பு உங்கள் மேல்தான் என்று நினைக்க வைத்திருப்பது. டைப் 2 சர்க்கரை நோயில் இன்சுலின் சுரக்கும் செல்களின் திறன் வருடம் போகப் போகக் குறைவதுதான் வழக்கம், ஒழுங்காக இருப்பவர்களுக்கும் ஒரு கட்டத்தில் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டிவரும், இன்சுலின்கூடத் தேவைப்படலாம். இது உங்கள் தோல்வி இல்லை.

டாக்டர் பக்கமும் நியாயம் இருக்கலாம். மருந்தைக் கூட்டினால் லோ சுகர் அதிகமாகுமோ என்று பயப்படலாம், சிறுநீரகப் பரிசோதனையில் எதையாவது கவனித்திருக்கலாம், உங்களுக்கு ஹெச்பிஏ1சி இலக்கு 7-க்குப் பதில் 8 போதும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இலக்கை எட்டாமல் மாதக்கணக்கில் அதே மருந்தைத் தொடர்வது எல்லா நாட்டு டாக்டர்களிடமும் உள்ள பழக்கம்தான், மருத்துவ உலகமே அதைக் குறையாகப் பேசுகிறது.

அதனால் புது மருந்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அங்கேதான் பேச்சு முறிகிறது. தனியாகக் கொடுத்தால் லோ சுகரை அவ்வளவாக உண்டாக்காத மருந்துகள் பல இருக்கின்றன. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை இதயம், சிறுநீரகம் பாதித்தவர்களுக்குக் கூடுதல் நன்மை தருபவை, ஆனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். செமாகுளுடைடு எடையையும் குறைக்கும், குமட்டல் படுத்தும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பது உங்கள் உடம்பையும் ரிப்போர்ட்டுகளையும் பார்த்துத்தான் தெரியும்.

போன் செய்த பிறகு இரண்டு வாரம் ஒரே தாளில் எழுதுங்கள்: வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, நடுக்கம் வந்தபோது எவ்வளவு, அன்றைக்கு எப்போது சாப்பிட்டீர்கள். கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லாமல் உட்கார்ந்ததும் அந்தத் தாளை மேஜையில் வையுங்கள். "டாக்டர், இத்தனை தடவை 70-க்குக் கீழே போயிருக்கிறது, இந்த மாத்திரை எனக்கு இன்னும் சரிதானா? எனக்கு என்ன இலக்கு வைத்திருக்கிறீர்கள்? இப்போது மாற்ற வேண்டாம் என்றால் ஏன், எந்த அளவு வந்தால் மாற்றுவோம்?" இவ்வளவு போதும். நெட், பக்கத்து வீட்டுக்காரர் என்ற பேச்சே எடுக்காதீர்கள், உங்கள் ரத்தத்தின் கணக்கை வைத்துப் பேசினால் அதைத் தள்ளிவிடுவது அவருக்கும் கஷ்டம்.

அதற்கும் "அடுத்த முறை பார்ப்போம்" என்றுதான் பதில் வந்தால், சர்க்கரை நோய் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். கடிதம் தராவிட்டாலும் போங்கள். துரோகம் என்ற சொல்லே இங்கே வேண்டாம். கண்ணில் கோளாறு என்றால் கண் டாக்டரிடம் போவீர்கள், அப்போது குடும்ப டாக்டரை விட்டுவிட்டதாகவா நினைப்பீர்கள்? காய்ச்சலுக்கும் சளிக்கும் இவரிடமே வரலாம், நிபுணர் எழுதும் மருந்தை அவரிடமும் காட்டலாம்.

போகும்போது பழைய ரிப்போர்ட்டுகள், இப்போதைய மாத்திரைச் சீட்டு, அந்த இரண்டு வாரத் தாள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் ஆகிவிட்டதால் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தத்திலுள்ள கிரியேட்டினின், பாதத்தில் உணர்ச்சி, இந்த நான்கையும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று யோசித்துக் குறித்து வையுங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.