ஒரே வசனம், சபைக்குச் சபை வேறு விளக்கம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வசனங்களைச் சபைகள் ஏன் வேறுவேறாக விளக்குகின்றன என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். நான் சிஎஸ்ஐ எனும் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்து இறையியல் படித்தவன். என் சாய்வு பதில்களில் தெரியும், அதை மறைக்கவில்லை.

கேள்வி: அண்ணா, என் கத்தோலிக்கத் தோழி ஆறாம் கட்டளை விபசாரம் பற்றியது என்கிறாள். நான் ஓய்வுநாள் பள்ளியில் கொலை என்று படித்தேன். சிலை வைக்க வேண்டி அவர்கள் இரண்டாம் கட்டளையை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே?

எடுக்கவில்லை. யாத்திராகமம் 20-ஐத் திறந்து பாருங்கள், அங்கே கட்டளைகளுக்கு எண் போடப்படவில்லை. பத்து என்ற கணக்கு உபாகமம் 4:13-இல் வருகிறது. எங்கே பிரிப்பது என்பது பின்னால் வந்தவர்கள் முடிவு செய்தது. பழைய சபைத் தந்தை அகுஸ்தீன் கணக்கில் வேறே தேவர்களும் விக்கிரகமும் ஒரே கட்டளை, கடைசியில் வரும் இச்சிப்பது மட்டும் இரண்டு. அதனால் நடுவில் எண்கள் ஒன்று குறைந்து, நமக்கு ஏழாவதான விபசாரம் அவர்களுக்கு ஆறாவது. சீர்திருத்தவாதி லூத்தரும் அதே கணக்கைத்தான் வைத்துக்கொண்டார், அவருடைய சிறிய ஞானோபதேசம் என்ற போதனை நூலில் விக்கிரகத்துக்குத் தனிக் கட்டளை இல்லை. அதனால் தரங்கம்பாடி லூத்தரன் பிள்ளையும் உங்கள் தோழி மாதிரிதான் எண்ணும். தயவுசெய்து இந்தக் குற்றச்சாட்டை இனி யாரும் பரப்ப வேண்டாம்.

கேள்வி: ஐயா, மகளுக்குப் பெந்தெகொஸ்தே குடும்பத்தில் சம்பந்தம் பேசியிருக்கிறோம். தோடு, வளையல் கூடாது, தாலியும் கிடையாது என்கிறார்கள். 1 பேதுரு 3:3-ஐக் காட்டுகிறார்கள்.

அம்மா, முதலில் அவர்கள் பக்கம் நின்று பார்ப்போம். 1 தீமோத்தேயு 2:9-உம் பொன்னையும் முத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எழுதியிருப்பதை அப்படியே செய்கிறோம் என்கிறார்கள், அதில் வேஷம் எதுவும் இல்லை. ஆனால் பேதுருவின் கிரேக்கத்தில் மூன்றாவதாக வருவது வெறும் 'வஸ்திரம் உடுத்துவது', நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள 'உயர்ந்த' என்ற சொல் மூலத்தில் இல்லை. எழுத்துப்படி தடை என்றால் உடுப்பும் தடையாகிவிடும். ஓசியா 6:6-இல் பலியை அல்ல, இரக்கத்தையே விரும்புகிறேன் என்று வருகிறதே, அது மாதிரி 'அதைவிட இது முக்கியம்' என்று சொல்லும் எபிரெய நடை இது என்று நான் வாசிக்கிறேன். தாலி பற்றி வேதத்தில் ஒரு வரியும் இல்லை. சிஎஸ்ஐயும் கத்தோலிக்கரும் அதைக் கல்யாண அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள், பெந்தெகொஸ்தேக்காரர் எடுக்கவில்லை, அவ்வளவுதான். எதுவானாலும் கழற்றுவதா வேண்டாமா என்று மகளிடம் முதலில் கேளுங்கள், மற்றவர்கள் பேசுவதெல்லாம் அப்புறம்.

கேள்வி: பிரதர், "இது என் சரீரம்" என்று இயேசு தெளிவாகச் சொல்லியும் ஏன் சண்டை?

1529-இல் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்ளியும் இதற்காகவே உட்கார்ந்து பேசினார்கள். லூத்தர் மேஜைமேல் சுண்ணக்கட்டியால் இந்த வாக்கியத்தை லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து இம்மியும் நகரவில்லை. ஸ்விங்ளி யோவான் 6:63-ஐ எடுத்தார்: மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது. இயேசு தன்னைத் திராட்சச்செடி என்றும் சொன்னார், அதுபோல 'இருக்கிறது' என்பதற்கு இங்கே 'குறிக்கிறது' என்று பொருள் என்றார். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் ஒத்துப்போய், கடைசியில் இதில் பிரிந்துபோனார்கள். இரண்டு பேருமே வேதத்தை உயிராக மதித்தவர்கள். எந்த வசனத்தின் வெளிச்சத்தில் எதை வாசிப்பது என்பதில்தான் பிரிந்தார்கள், இன்றைக்கும் முக்கால்வாசிப் பிரிவினை அப்படித்தான் நடக்கிறது. நம் ஊரில் பெயர்களிலேயே இது கேட்கும்: கத்தோலிக்கருக்கு நற்கருணை, நமக்குத் திருவிருந்து, பிரதரன் சபையில் அப்பம் பிட்குதல்.

கேள்வி: குழந்தை ஞானஸ்நானத்துக்கு வசனம் உண்டா இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நேரடியாக இல்லை. கூடாது என்றும் இல்லை. அப்போஸ்தலர் 16:33-இல் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றார்கள், அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்ததா என்று லூக்கா சொல்லவில்லை. கொலோசெயர் 2:11-12-ஐ யூதக் குழந்தைகளுக்குச் செய்த விருத்தசேதனத்தோடு சேர்த்து வாசிப்பவர் குழந்தைக்குக் கொடுப்பார். விசுவாசித்த பிறகே என்பவர் மாற்கு 16:16-ஐப் பிடித்துக்கொள்வார்.

கேள்வி: பெண்கள் உபதேசிக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு 2:12 சொல்லும்போது சிஎஸ்ஐயில் பெண் பேராயர் எப்படி?

2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதா பேராயரானார். அந்தக் கட்டளையைத் தீமோத்தேயு இருந்த எபேசு சபையின் அன்றைய நிலைமைக்கானது என்று எடுத்துக்கொண்டவர்கள் அதை ஏற்றார்கள். அதே எபேசுவில்தான் பிரிஸ்கில்லாள் தன் கணவனோடு சேர்ந்து அப்பொல்லோவுக்குத் தேவ மார்க்கத்தை விளக்கிச் சொன்னாள், அப்போஸ்தலர் 18:26. தீமோத்தேயுவை வாசிக்கிற வாயால் அதையும் வாசியுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.