ஓடும் படகிலிருந்து நீரோட்டத்தை அளப்பது: கேள்வி பதில்

கேள்வி: பந்தயப் பாய்மரப் படகின் திரையில் நீரோட்டத்தின் வேகமும் திசையும் நொடிக்கு நொடி தெரிகின்றனவே, அதை எந்தக் கருவி அளக்கிறது ஐயா?

பதில்: பெரும்பாலான படகுகளில் அதற்கென்று தனிக் கருவி கிடையாது. படகு தரையைப் பொறுத்து எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது. நீரைப் பொறுத்த வேகத்தை அடிப்பாகத்தில் சுழலும் சிறு துடுப்புச் சக்கரமும், முகப்பு நோக்கும் திசையைத் திசைகாட்டியும் சொல்கின்றன. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து மிஞ்சுவதையே திரை நீரோட்டம் என்கிறது. சக்கரத்தின் பிழையும் திசைகாட்டியின் பிழையும் அந்த மிச்சத்தில்தான் வந்து சேரும்.

கேள்வி: அந்தப் பிழை பொருட்படுத்தும் அளவுக்கு இருக்குமா?

பதில்: கணக்கையே பார்த்துவிடுவோம். முகப்பு 90 பாகை (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணினால் கிழக்கு), நீரில் வேகம் 8 நாட் (மணிக்கு 8 கடல்மைல்). ஜிபிஎஸ் காட்டுவது 100 பாகையில் 9.2 நாட். கழித்தால், ஏறக்குறைய 146 பாகை நோக்கி 1.9 நாட் நீரோட்டம் என்று வரும். ஆனால் காற்று இடப்புறம் முன்னாலிருந்து வீசும்போது படகு வலப்புறமாகச் சறுக்கும். அந்தப் பக்கச்சறுக்கல் 4 பாகை என்று சேர்த்துக்கொண்டால், அதே எண்களிலிருந்து கிடைப்பது 134 பாகை நோக்கி 1.5 நாட் மட்டுமே. சறுக்கலைக் கணக்கில் கொள்ளாத படகில் இல்லாத 0.4 நாட் முளைத்துவிடுகிறது. சறுக்கல் படகின் சாய்வோடு கூடும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பது வழக்கமான வாய்பாடு. அதன் மாறிலியைப் படகுக்குப் படகு தனியே கண்டறிய வேண்டும்.

கேள்வி: காட்டுவது நீரோட்டமா, கருவியின் கோளாறா என்று கடலில் இருந்தபடியே அறிய வழி உண்டா?

பதில்: உண்டு. காற்றை எதிர்த்துச் செல்கையில் பாயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற்றிய உடனே திரையிலுள்ள நீரோட்டமும் திசை மாறினால், கடல் அவ்வளவு பணிவாக நடந்துகொள்ளாது என்பதால், கருவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். சக்கரத்தில் பாசியோ கொட்டலசோ ஒட்டியிருந்தால் வேகம் குறைவாகத் தெரியும். அப்போது இல்லாத நீரோட்டம் எப்போதும் படகைப் பின்னிருந்து தள்ளுவதாகத் தோன்றும். அலையில் ஆடும் படகில் ஒரு நொடியின் அளவுக்கு மதிப்பில்லை. சில நிமிடச் சராசரியையே நான் நம்புவேன்.

கேள்வி: ஆய்வுக் கப்பல்களிலுள்ள டாப்ளர் கருவியைப் பொருத்தினால் என்ன?

பதில்: நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, ஆழத்துக்கு ஆழம் நீரின் வேகத்தை அது தருகிறது. ஆனால் விரைந்தோடும் படகின் அடியில் புகும் காற்றுக் குமிழிகள் ஒலியை மறைத்துவிடும். எடைக்கும் மின்சாரத்துக்கும் கணக்குப் பார்க்கும் பந்தயப் படகுக்கு அது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கேள்வி: செயற்கைக்கோள் வரைபடம் ஒன்று சொல்ல, படகு வேறொன்று சொன்னால் எதை நம்புவது?

பதில்: இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. செயற்கைக்கோள் கடல்மட்டத்தின் மேடுபள்ளங்களை அளக்கிறது. அதிலிருந்து கணிக்கும் நீரோட்டம், பல நாள்களையும் பல பத்துக் கிலோமீட்டர்களையும் கலந்த சராசரி. படகு அளப்பதோ தன் அடியிலுள்ள மேல்நீரை, அந்த நேரத்தில். எனவே பாதையை வரைபடத்தைக் கொண்டு வகுத்து, படகின் அளவைக் கொண்டு திருத்துவதே முறை. அமெரிக்காவின் நியூபோர்ட்டிலிருந்து அட்லாண்டிக் தீவான பெர்முடா வரை 635 கடல்மைல் செல்லும் பந்தயத்தில் குறுக்கிடும் வளைகுடா நீரோட்டம் என்ற வெப்ப நீரோட்டம் 4 நாட் வேகத்தையும் தொடக்கூடியது. அதனுள் நுழையும்போது நீரின் வெப்பநிலை சட்டென்று ஏறும். அமெரிக்க அறிவியலாளரும் அரசியல்வாதியுமான பெஞ்சமின் பிராங்க்ளின் 1775இல் கப்பலிலிருந்து வெப்பமானியைக் கடலில் இறக்கிப் பார்த்தது இதே நீரோட்டத்தில்தான். திரையில் நீரோட்டம் கூடியும் வெப்பமானி அசையாதிருந்தால், நான் முதலில் சக்கரத்தைத்தான் கழற்றிப் பார்ப்பேன்.