அதிகப்பிரசங்கி யார்?

கேள்வி: எங்கள் குருவானவர் ஞாயிறுதோறும் 45 நிமிடம் பேசுகிறார், வேதப் பிரசங்கமே சபைக்கு ஆகாரம் என்கிறார். இந்த அதிகப்பிரசங்கத்தை 20 நிமிடமாகக் குறைக்கும்படி சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) தீர்மானம் போடலாமா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: அதிகப்பிரசங்கம் என்ற சொல்லை ரசித்தேன். வேதாகமத்தில் பிரசங்கி என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் இருக்கிறது. அந்தப் பிரசங்கி 12 அதிகாரங்களில் முடித்துக்கொண்டார். போகிறபோக்கில், 'அதிக படிப்பு உடலுக்கு இளைப்பு' என்று உங்கள் கட்சிக்கும் ஒரு வசனத்தை விட்டுச்சென்றார். அப்போஸ்தலர் பவுல் அப்படியல்ல. துரோவா என்ற ஊரில் அவர் நடுராத்திரிவரை பேச, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிவந்து அவனை அணைத்து, உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மறுபடியும் மேலே ஏறி அப்பம் பிட்டு, விடியும்வரை பேசினார். துரோவாவில் சேகரக் கமிட்டி இல்லாதது அவருக்கு வசதியாகப் போயிற்று. நாமோ அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த ஒரு வாழைத்தாரை ஏலம் விடும்போது கடிகாரத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

உங்கள் குருவானவர் என்ன பேசுகிறார் என்பதை நீங்கள் எழுதவேயில்லை. நெகேமியா 8-ஆம் அதிகாரத்தில், எஸ்றா மரத்தால் செய்த பிரசங்கபீடத்தில் நின்று காலைமுதல் மத்தியானம்வரை நியாயப்பிரமாண புத்தகத்தை வாசித்தார். ஆலய ஊழியரான லேவியர் 'அர்த்தஞ்சொல்லி, வாசித்ததை விளங்கப்பண்ணினார்கள்.' வேதப் பிரசங்கம் என்பது இவ்வளவுதான். நம் பீடங்களில் நடப்பது வேறு. கழுகைப்போல வாலவயது திரும்பும் என்கிற 103-ஆம் சங்கீதத்தில் கழுகு என்ற சொல்லை வாசித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, நாற்பது வயதில் மலையேறிப் பாறையில் அலகை உடைத்துப் புது அலகு முளைக்கக் காத்திருக்கும் கழுகின் கதையை அவிழ்த்துவிடுகிறார்கள். இதை நான் மூன்று ஊர்களில் கேட்டுவிட்டேன். சங்கீதத்தில் அலகும் இல்லை, பாறையும் இல்லை; அலகை உடைத்துக்கொண்ட கழுகு இரையைக் கிழிக்க வழியின்றிப் பட்டினியால்தான் சாகும். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கைக்கு வரும், எதிர்பார்த்த நல்ல முடிவைத் தருவேன் என்கிற எரேமியா 29:11-க்கும் இதே கதிதான். அதற்கு முந்தைய வசனம் பாபிலோனில் 70 வருஷம் காத்திருக்கச் சொல்கிறது. அதை அட்டையில் அச்சிட யாருக்கும் துணிச்சலில்லை.

பிரசங்கத்தின் வலிமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவர்தான், கிறிஸ்தவப் பரப்புரைக்கு எதிராக, 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எதிர்த்து நின்றவர் விரும்பி எடுத்துக்கொண்ட ஆயுதத்தை, நாம் நிமிடக் கணக்கில் மழுங்கடிக்கப் பார்க்கிறோம்.

தீர்மானம் போடுவதாயிருந்தால் அதில் நிமிடத்தை எழுதாதீர்கள். வாசித்த பகுதியை விட்டு வெளியே போகக்கூடாது என்று எழுதுங்கள். உங்கள் குருவானவரும் கழுகு வளர்ப்பவராயிருந்தால், அதைப் பறக்கவிட்டபின் 45-இல் எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது என்று எனக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள்.