ரிப்பிள் வழக்கு முடிந்ததால் இங்கே கிரிப்டோவுக்கு ஆபத்தில்லையா?

“அமெரிக்காவிலேயே ரிப்பிள் வென்றுவிட்டது, இனிப் பயமில்லை” என்று கிளிநொச்சியில் கிரிப்டோவுக்கு ஆள் சேர்ப்பவர்கள் சொல்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி.

ரிப்பிள் ஓர் அமெரிக்க நிறுவனம்; எக்ஸ்ஆர்பி அது விற்ற கிரிப்டோ நாணயம். அந்த விற்பனை பதிவில்லாத முதலீட்டுப் பத்திர விற்பனை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு 2020 டிசம்பரில் வழக்குப் போட்டது. அளவுகோல் அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் 1946ஆம் ஆண்டு ஹௌவி தீர்ப்பு: காசைப் பொதுவான ஒரு முயற்சியில் போட்டு, மற்றவர் உழைப்பால் இலாபம் வருமென்று எதிர்பார்த்தால் அது முதலீட்டு ஒப்பந்தம்; முதலீட்டுப் பத்திரமாகவே கருதப்படும். 2023 ஜூலையில் நீதிபதி அனலீசா டொரஸ் இரண்டாகப் பிரித்தார். பெரிய நிறுவனங்களுக்கு நேரடியாக விற்றது சட்டமீறல். பரிமாற்றத் தளங்களில், வாங்குபவர் யாரிடம் வாங்குகிறோம் என்றே அறியாத விற்பனை அப்படியல்ல. 2024இல் ரிப்பிளுக்கு 125 மில்லியன் டொலர் தண்டம். வென்றவர் கட்டுகிற தொகையா அது? 2025 ஓகஸ்டில் இரு தரப்பும் மேன்முறையீட்டைக் கைவிட்டன.

அந்தத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. கிரிப்டோ வாங்க வங்கி அட்டையைப் பாவிக்க வெளிநாட்டுச் செலாவணி விதிகள் இடங்கொடுப்பதில்லை என்று மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. அதனால்தான் முன்பின் தெரியாதவரின் கணக்குக்கு ரூபாய் போடச் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு மோசடி முறைப்பாட்டில் சிக்கினால், உங்கள் கணக்கும் விசாரணைக்குள் வரலாம்.

“இரண்டு பேரைச் சேர்த்தால் கொமிஷன்” என்றால் நிச்சயம் விலகுங்கள். பிரமிட் திட்டம் நடத்துவதும் பரப்புவதும் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். நம்பி ஆள் சேர்க்கும் மச்சானும் மாட்டிக்கொள்வார்.

ஏற்கெனவே காசு போட்டிருந்தால் வைப்புச் சிட்டை, வட்ஸ்அப் உரையாடல், வொலட் (கிரிப்டோ வைக்கும் கணக்கு) முகவரி, பரிமாற்ற இலக்கம் நான்கையும் இன்றே சேமியுங்கள். அவர்கள் வட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டால் பொலிஸில் காட்ட எதுவும் மிஞ்சாது.