சிங்கப்பூர் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை எடுத்துத் தங்கலாமா?

கேள்வி: நான்கு நாள் சிங்கப்பூர் போகிறோம். மரினா பே எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. இம்முறை சாதாரண மக்கள் வசிக்கும் தோ பாயோவில் தங்கிப் பார்க்க ஆசை. ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்பில் வீவக வீட்டில் அறை இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது. சுற்றுப்பயணிக்கு விடவே கூடாது. புரோக்கருக்கு இது நன்றாகத் தெரியும். "யாராவது கேட்டால் வீட்டுக்காரருக்கு உறவு என்று சொல்லுங்கள்" என்று சொல்லிக்கொடுப்பார். சோதனை வந்தால் பெட்டியோடு தெருவில் நிற்கப்போவது நீங்கள்தான். கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி என்றாலும் தப்ப முடியாது, அங்கே குறைந்தது மூன்று மாதம். இந்த விளம்பரங்களை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

நிஜமாகவே உறவினர் வீடு இருந்தால் கதை வேறு. சித்தப்பா வீட்டில் விருந்தாளியாக இருக்கலாம். வாடகை இருக்கக் கூடாது. "கரண்டுக்கு மட்டும் நாளுக்கு இவ்வளவு" என்று கணக்குப் போட்டு வாங்கினாலும் அது வாடகைபோலத்தான் தெரியும். கிளம்பும்போது பிள்ளை கையில் ஏதோ கொடுப்பதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் "சித்தப்பாவின் நண்பர், பாதி வாடகை" என்பதெல்லாம் இதில் சேராது.

இன்னொரு பொறி: சிங்கப்பூருக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை. இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா தனி; அதை அங்கீகாரம் பெற்ற முகவர் வழியாக எடுக்க வேண்டும், அரசுக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வருகை அட்டை முற்றிலும் இலவசம். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் குடிநுழைவு ஆணையத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். அதே சாயலில் தளம் நடத்திக் காசு பிடுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

தங்க நொவீனா, பாலஸ்தியர் பக்கம் ஹோட்டல் பாருங்கள். நொவீனாவிலிருந்து தோ பாயோ ஒரே ஸ்டேஷன். நம் ஊர் வங்கி அட்டையைத் தட்டியே ரயிலேறலாம். நாளுக்கு 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) கூடுதலாகப் பிடிப்பார்கள்.

தோ பாயோவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். உணவங்காடியில் பல கடைகள் மதியத்தோடு மூடிவிடும். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது ஆள் பிடித்த இடம், உட்காராதீர்கள். தட்டை நீங்களே திருப்பி வைக்க வேண்டும்: முதல் முறை எச்சரிக்கை, அடுத்து 300 வெள்ளி அபராதம். லோரோங் (தெரு) 5-இல் 53ஆம் புளோக்கை எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள், ஒய் வடிவம் அப்போதுதான் பிடிபடும். எலிசபெத் ராணியை 1972-இல் அழைத்துப்போய்க் காட்டிய கட்டடம். லோரோங் 6-இல் 1979-இல் கட்டிய டிராகன் விளையாட்டிடம், தரை இன்னும் மணல்தான். லோரோங் 8-இல் வைரவிமட காளியம்மன் கோயில். உச்சிப்பொழுதில் நடை சாத்தியிருக்கும், முன்பே போங்கள்.

மாடி நடைபாதையில் கதவுகள் திறந்தே கிடக்கும். உள்ளே கேமராவை நீட்டாதீர்கள். கீழே வாய்ட் டெக்கில் (தரைத்தளத் திறந்தவெளியில்) பந்தல் போட்டிருந்தால் அது கல்யாணமா, துக்க வீடா என்று பார்த்துக்கொண்டு நடங்கள். அங்கே சிகரெட்டும் கூடாது.