அடி விழுந்தது குடத்துக்கா, ஈரப்பதத்துக்கா?

மன்னார்குடிப் பக்கத்து நண்பருக்கு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது என்று நெல்லை எடைபோடாத அன்று, குடத்தைத் தட்டிவிட்ட எட்டு வயது மகனை விளாசிவிட்டதாகவும், இப்போது உங்கள் வண்டிச் சத்தம் கேட்டாலே அவன் கொல்லைப்பக்கம் ஓடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அன்று நெல் விலைபோயிருந்தால் அந்தக் குடத்துக்கு அடி விழுந்திருக்குமா? விழுந்திருக்காது. பையனுக்கும் அது தெரியும். அதனால் அவன் குடத்தைப் பார்த்து நடக்கக் கற்கவில்லை, அப்பா முகத்தைப் பார்த்து நடக்கக் கற்கிறான். அப்புறம் பொய்யும் வரும்.

என் அப்பாவும் இப்படித்தான். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் எங்கள் முதுகு பழுக்கும். எதற்கு அடித்தார் என்பது ஒன்றுகூட நினைவில்லை. பூவரசங் குச்சி மட்டும் நினைவிருக்கிறது.

நான் வயலிலிருந்து வந்ததும் அடிபம்பில் கைகால் கழுவிவிட்டுத் திண்ணையில் பத்து நிமிடம் உட்காருவேன். அதுவரை யாரும் எந்தப் புகாரும் சொல்லக் கூடாது என்று வீட்டில் பேசிவைத்திருக்கிறோம். கேலி செய்வார்கள், பரவாயில்லை. தண்ணீரைக் கொட்டினால் துடைத்துவிட்டு மறுபடி பிடித்துவரட்டும், அந்தத் தண்டனை போதும்.

"அன்னிக்கு அப்பா கோவம் உன் மேல இல்லடா, நான் அடிச்சது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். எதிரே நிற்கவைத்துச் சொன்னால் மிரளுவான். வாய்க்கால் கரையில் கூட நடக்கும்போது சொல்லுங்கள்.